கொடையா, கோடையா? பழனிமலை ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் குறில் நெடில் மயக்கம்

ஆய்வுச் சுருக்கம்

தமிழில் குறில் நெடில் வேறுபாடு பொருளை வேறுபடுத்துவது. ஆங்கில எழுத்துமுறையில் உயிரின் அளவைக் காட்டுவதற்கு ஒருசீரான குறி இல்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் பழனிமலைத் தொடரின் ஊர்ப்பெயர்கள் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட முறைகளை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. செவிவழி எழுத்துக்கூட்டல், ஹண்டர் முறை, 2020ஆம் ஆண்டின் அரசாணை ஆகிய மூன்று கட்டங்களிலும் எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு எழுத்தில் முறையாகப் பதியவில்லை என்பதையும், வீரமாமுனிவருக்கு முற்பட்ட ஓலைச்சுவடி வழக்கில் இருந்த இடர்ப்பாடும் இதே இடத்திலேயே அமைந்தது என்பதையும் கட்டுரை சுட்டுகிறது. இவ்வடிப்படையில், சங்க இலக்கியக் கோடைமலையைக் கொடைக்கானலுடன் இணைக்கும் கருத்துக்கு ஆங்கில வடிவம் சான்றாகாது என்பது நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: குறில், நெடில், மாத்திரை, ஊர்ப்பெயராய்வு, எழுத்துப்பெயர்ப்பு, பழனிமலை, கொடைக்கானல், கோடைமலை

1. முன்னுரை

கொடைக்கானல் என்னும் பெயருக்குப் பயண நூல்களும் சுற்றுலா ஏடுகளும் பலவாறு பொருள் கூறுகின்றன. கொடையாகக் கிடைத்த காடு என்பர் சிலர்; கோடைக்காலத்துக் காடு என்பர் வேறு சிலர்; கொடிகள் அடர்ந்த காடு என்பாரும் உளர். இவ்விளக்கங்கள் ஒன்றோடொன்று பொருந்தாதவை. எனினும் இவை ஒரே நூலில் அடுத்தடுத்து இடம்பெறுவதும் உண்டு. அப்பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதிய உடனே இவற்றுட் சில தாமே நீங்கிவிடும். தமிழ் வடிவத்தின் முதலெழுத்து 'கொ' என்னும் குறில். கோடையின் முதலெழுத்து 'கோ' என்னும் நெடில். எனவே இவ்விளக்கங்கள் தமிழ்ப் பெயரினின்று தோன்றியவை என்பதைவிட, அதன் ஆங்கில எழுத்துக்கூட்டலிலிருந்து தோன்றியவை எனக் கொள்வதே பொருத்தம்.

கே-ஓ-டி-ஏ-ஐ-கே-ஏ-என்-ஏ-எல் என்னும் ஆங்கில வடிவத்தில் உயிரளவு ஐயத்திற்குரிய இடங்கள் இரண்டு. முதலசை 'கொ' ஆகலாம், 'கோ' ஆகலாம். மூன்றாம் அசை 'க' ஆகலாம், 'கா' ஆகலாம். ஆகவே கொடைக்கானல், கோடைக்கானல், கொடைக்கனல், கோடைக்கனல் என நான்கு வாசிப்புகளுக்கு அவ்வடிவம் இடந்தருகிறது. குளிர்ந்த மலையூரின் பெயரைக் கோடையின் நெருப்பு எனப் படித்தாலும் ஆங்கில எழுத்து அதனைத் தடுப்பதில்லை.

இம்மயக்கம் எவ்வாறு உருவாயிற்று, அதனைக் களைய மேற்கொள்ளப்பட்ட முயற்சிகள் எங்கே நின்றுபோயின, ஊர்ப்பெயராய்வில் அதன் விளைவு யாது என்னும் மூன்று வினாக்களுக்கு இக்கட்டுரை விடை தேடுகிறது. ஆங்கில எழுத்துகள் இங்கு அவற்றின் பெயர்களால் சுட்டப்படுகின்றன. தமிழ் உயிர்களுடன் குழம்பாதிருக்கும் பொருட்டுத் தமிழ் உயிர்கள் அகரம், ஏகாரம், ஓகாரம் என்றவாறு குறிக்கப்படுகின்றன.

2. நெடில் என்பதன் பொருள் இரு மொழிகளில்

குறில் ஒரு மாத்திரை, நெடில் இரு மாத்திரை எனத் தொல்காப்பிய நூன்மரபு வரையறுக்கிறது. இது காலத்தை அளவாகக் கொண்ட பாகுபாடு. கல், கால், கெடு, கேடு, கொடு, கோடு எனவரும் இணைகளில் உயிரின் அளவு மாறப் பொருளும் மாறுகிறது. கெடு என்னும் வினை முதல் நீண்டு கேடு என்னும் பெயராவது போன்ற சொல்லாக்கமும் இவ்வேறுபாட்டை நம்பியே நிற்கிறது.

ஆங்கிலப் பள்ளிகளிலும் நெட்டுயிர், குற்றுயிர் என்னும் பாகுபாடு கற்பிக்கப்படுகிறது. எழுத்து தன் பெயரையே ஒலியாகக் கொண்டால் அது நெட்டுயிர் என்பது அங்குள்ள பாடம். அதன்படி 'கேட்' என்னும் சொல்லில் உள்ள ஏ நெட்டுயிர். பூனையைக் குறிக்கும் 'கேட்' என்னும் சொல்லில் அதே ஏ குற்றுயிர். தமிழில் எழுதும்போது இவ்விரண்டும் ஒன்றுபோலத் தோன்றுவதே, இரு மொழிகளின் எழுத்துமுறைகளும் உயிரொலிகளை வெவ்வேறு வகையில் பகுக்கின்றன என்பதைக் காட்டும். ஆங்கிலத்தில் அவ்விரு சொற்களின் உயிர்களும் அளவால் மட்டும் வேறுபட்டவை அல்ல. ஒலியின் தன்மையாலேயே வேறானவை.

இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. இடைக்கால ஆங்கிலத்தில் ஒரே உயிரின் குறுமையும் நெடுமையும் தமிழைப் போலவே அளவால் வேறுபட்டிருந்தன. ஏறத்தாழ 15ஆம் நூற்றாண்டு தொடங்கி 18ஆம் நூற்றாண்டு வரை நிகழ்ந்த பேருயிர் மாற்றத்தில் ஆங்கில நெட்டுயிர்கள் அனைத்தும் இடம்பெயர்ந்தன. பெயரைக் குறிக்கும் 'நேம்' என்னும் சொல் முன்னர் ஆகாரத்தோடு ஒலிக்கப்பட்டது. 1476இல் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சகம் நிறுவியபின் எழுத்துக்கூட்டல் மெல்ல நிலைபெறலாயிற்று. ஒலியோ தொடர்ந்து நகர்ந்தது. அதன் விளைவாக எழுத்தும் ஒலியும் பிரிந்தன. நெட்டுயிர், குற்றுயிர் என்னும் பெயர்கள் மட்டும் பழைய பொருளின் எச்சமாக நின்றன.

உயிரின் வகையைக் காட்ட ஆங்கிலம் எழுத்துக்கு வெளியே சில உத்திகளை மேற்கொண்டது. சொல்லின் இறுதியில் ஒலிக்காத ஈ வந்தால் முந்தைய உயிர் நெடிது. மெய்யெழுத்து இரட்டித்தால் அதன் முன்னுள்ள உயிர் குறிது. அசை உயிரில் முடிந்தால் அவ்வுயிர் பெரும்பாலும் நெடிது. ஈகாரத்திற்கு இரட்டை ஈ, ஊகாரத்திற்கு இரட்டை ஓ. தமிழ்நாட்டு ஊர்ப்பெயர்களை எழுத வந்த ஆங்கிலேயர் கைக்கொண்டவை இவ்வுத்திகளே.

3. செவிவழி எழுத்துக்கூட்டல்

1821இல் லெப்டினன்ட் வார்டு பழனிமலைத் தொடரை அளவையிட்டார். 1836இல் தாவரவியலாளர் ராபர்ட் வைட் அங்குச் சென்று, அடுத்த ஆண்டில் மதராஸ் இலக்கிய அறிவியல் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதன் தலைப்பில் மலைத்தொடருக்கு இரு பெயர்கள் உள்ளன. ஒன்று வராககிரி, மற்றொன்று பழனி. இவ்விரு பெயர்களும் அங்கு எழுதப்பட்ட முறை அக்கால வழக்கிற்குச் சிறந்த எடுத்துக்காட்டு.

பழனி அங்குப் பி-யூ-எல்-என்-ஈ-ஒய். முதலசையின் அகரத்திற்கு யூ எழுதப்பட்டமை இன்றைய வாசகருக்கு வியப்பளிக்கலாம். ஆங்கிலக் கோப்பையைக் குறிக்கும் 'கப்' என்னும் சொல்லில் யூ தரும் ஒலி நம் அகரத்திற்கு நெருங்கியது. ஆங்கில ஏ-யின் குற்றுயிரோ அகரத்திலிருந்து விலகி எகரத்தின் பக்கம் சாய்ந்தது. எனவே அகரத்திற்கு யூ, ஆகாரத்திற்கு ஏ என்னும் பங்கீடு ஆங்கிலச் செவிக்கு இயல்பாக அமைந்தது. இந்துஸ்தானி மொழிக்கு ஜான் கில்கிறிஸ்ட் வகுத்த முறையும் இதனையே பின்பற்றியது. பஞ்சாப் என்பதன் முதலுயிர் இன்றுவரை யூ என எழுதப்படுவது அதன் எச்சம். நம் கறி ஆங்கிலத்தில் யூ பெற்றதும் இவ்வாறே.

வராககிரியில் 'வ' என்பதற்கு வி-யூ எழுதி, அடுத்துள்ள ரகரத்தை இரட்டித்தனர். அவ்விரட்டிப்பு முன்னுள்ள உயிர் குறில் என்பதைக் காட்டும் ஆங்கில உத்தி. தமிழில் அங்கு இரட்டிப்பு இல்லை. 'ரா' என்னும் நெடிலுக்கு ஒற்றை ஏ மட்டுமே கிடைத்தது. 'கிரி' என்னும் ஈற்றுச்சொல் ஜி-எச்-ஈ-ஆர்-ஆர் என்னும் எழுத்துகளால் எழுதப்பட்டது. நீலகிரிக்கும் அக்காலத்தில் இதே ஈறு வழங்கிற்று. புதுச்சேரியின் ஆங்கில வடிவத்தில் 'சேரி' பெற்ற ஈறும் இதனோடு ஒத்தது. கிரி குறில் முதல். சேரி நெடில் முதல். ஆங்கில எழுத்தில் அவ்விரண்டும் ஈ-ஆர்-ஆர் என ஒரே வடிவம் பெற்றன.

வேலூரும் இவ்வகையினதே. லகரம் இரட்டித்தமையால் ஏகாரம் குறுகி வெல்லூர் என்னும் வாசிப்பு எழுந்தது. 'ஊர்' என்பது ஓ-ஆர்-ஈ என்னும் ஈற்றால் 'ஓர்' ஆயிற்று. பழனிமலை அடிவாரத்தில் கிருஷ்ணமநாயக்கன் தோப்பு இருந்தது. சாலை அமையாத காலத்தில் மலையேறுவோர் அங்கிருந்தே புறப்பட்டனர். அப்பெயரிலுள்ள தோப்பு ஒலிக்காத ஈகாரம் பெற்று, இந்திய ஆங்கிலச் சொல்லாகவே 1886இல் வெளிவந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதியில் ஏறியது. ஓகாரத்தின் நெடுமை ஆங்கில உத்தியால் காக்கப்பட்ட அரிய இடம் அது. ஆனால் ஈற்றுக் குற்றியலுகரம் அங்கு மறைந்தது.

திண்டுக்கல்லின் ஆங்கில வடிவம் இன்னும் நுண்ணிய சான்று தருகிறது. 'கல்' என்பதன் அகரம் யூ ஆயிற்று. இது பழனிக்கு நேர்ந்ததே. 'டு' என்பதன் உகரமோ ஐ என எழுதப்பட்டது. அது அரை மாத்திரை அளவினதாகி இதழ் குவியாது ஒலிக்கும் குற்றியலுகரம். ஆங்கிலச் செவி அதனை உகரமாகக் கொள்ளாமல் இகரத்தோடு சேர்த்துக் கேட்டது எனக் கருதலாம். எழுதியவர் பிழையாகக் கேட்டார் என்று இதனைத் தள்ளிவிட இயலாது. இலக்கணநூலார் குறித்த நுட்பம் ஒன்றை, அதற்குரிய எழுத்தில்லாத ஒருவர் பதிந்து வைத்த முறை இது. செவிவழி எழுத்துக்கூட்டல் மொழி வரலாற்றாய்வுக்குப் பயன்படும் இடமும் இதுவே.

4. ஹண்டர் முறையும் விடுபட்ட இரண்டு உயிர்களும்

வில்லியம் ஜோன்ஸ் 1788இல் ஆசியச் சொற்களை உரோமன் எழுத்தில் எழுதுதற்கு நெடிலின் மேல் குறியிடும் முறையை முன்வைத்திருந்தார். ஆட்சி வழக்கில் அது உடனே இடம்பெறவில்லை. 1869இல் இந்தியப் புள்ளிவிவர ஆய்வின் பொறுப்பேற்ற வில்லியம் வில்சன் ஹண்டர், ஒரே ஊர் பல எழுத்துக்கூட்டல்களில் கோப்புகளில் கிடப்பதைக் கண்டு, 1871இல் ஊர்ப்பெயர் எழுத்துக்கூட்டல் வழிகாட்டியை வெளியிட்டார். அகரத்திற்கு ஏ, ஆகாரத்திற்கு மேற்குறியுடன் கூடிய ஏ, இகர ஈகாரங்களுக்கு ஐ-யும் குறியிட்ட ஐ-யும், உகர ஊகாரங்களுக்கு யூ-வும் குறியிட்ட யூ-வும் என்பது அதன் அடிப்படை. கல்கத்தா போன்று பெருவழக்கான பெயர்கள் பழைய வடிவிலேயே விடப்பட்டன.

இம்முறையின் விளைவைப் பழனிமலையின் பெயரில் காணலாம். 1906இல் பிரான்சிஸ் எழுதிய மதுரை மாவட்ட விவரச்சுவடியில் மலைத்தொடரின் பெயர் பி-ஏ-எல்-என்-ஐ என்றாயிற்று. எனினும் பழைய வடிவம் உடனே மறையவில்லை. 1915இல் வெளிவரத் தொடங்கிய பைசனின் நீலகிரி, பழனிமலைத் தாவர நூல் யூ வடிவத்தையே தலைப்பில் தாங்கியது. 1999இல் வெளிவந்த கே.எம்.மேத்யூவின் பழனிமலைத் தாவர நூலின் தலைப்பில் ஏ வடிவம் உள்ளது. இரு வடிவங்களிலும் ஒரு குறை பொதுவாக உண்டு. பழனி மூன்று குறில்களைக் கொண்ட சொல். நடுவிலுள்ள 'ழ' என்பதன் அகரம் இரண்டிலும் இல்லை. ஆங்கிலத்தில் அழுத்தம் பெறாத உயிர் நலிந்து மறைவது இயல்பு. தமிழில் அழுத்தம் எதுவாயினும் குறில் தன் ஒரு மாத்திரையை இழப்பதில்லை. நெடில் குறுகுவது மட்டுமன்றிக் குறில் கெடுவதும் இவ்வெழுத்துப்பெயர்ப்பில் நிகழ்ந்தது.

ஹண்டர் முறையின் பெருங்குறை வேறிடத்தில் உள்ளது. அது சமஸ்கிருதத்தையும் இந்துஸ்தானியையும் அடிப்படையாகக் கொண்டது. அம்மொழிகளின் எழுத்தில் ஏகார ஓகாரங்கள் நெடிலாகவே உள்ளன. அவற்றிற்கு இணையான குறில் எழுத்துகள் இல்லை. எனவே ஈ, ஓ ஆகியவற்றிற்கு மேற்குறி தேவைப்படவில்லை. எகரமும் ஒகரமும் உடைய தமிழுக்கு இம்முறை வந்தபோது, அளவு காட்டும் குறி மூன்று இணைகளுக்குக் கிடைத்தது. இரண்டு இணைகளுக்குக் கிடைக்கவில்லை.

இதனை அன்றைய அலுவலர் அறியாதிருந்தனர் எனக் கூற இயலாது. கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில், எகர ஒகரக் குறில்கள் திராவிட மொழிகளுக்கு உரியன என்பதையும் சமஸ்கிருதத்தில் அவை இல்லை என்பதையும் எடுத்துக் காட்டியிருந்தார். 1907 முதல் 1909 வரை வெளிவந்த இந்தியப் பேரரசு விவரச்சுவடியின் எழுத்துப்பெயர்ப்புக் குறிப்பு, திராவிட மொழிகளில் ஈ, ஓ எழுத்துகளின் குறுமை நெடுமையை வேறுபடுத்த முயலவில்லை என வெளிப்படையாகவே தெரிவிக்கிறது. அத்தொகுதியில் கொடைக்கானலின் 'கா' மேற்கோடு பெற்றுள்ளது. 'கொ' எக்குறியும் பெறவில்லை. பெயரின் பிற்பகுதியில் ஐயம் நீங்கியது, முற்பகுதியில் நிலைத்துவிட்டது.

அம்மேற்கோடும் நீடிக்கவில்லை. அஞ்சல் முத்திரை, தொடர்வண்டி அட்டவணை, தட்டச்சு ஆகியவை குறியின்றியே பெயரை வழங்கின. அறிஞர் வழக்கில் மட்டும் முழுமையான தீர்வு கிட்டியது. 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி ஏகார ஓகாரங்களுக்கும் மேற்கோடு இட்டது. 2001இல் வந்த அனைத்துலகத் தர எழுத்துப்பெயர்ப்பு முறையும் அவ்வாறே செய்தது. ஆனால் பெயர்ப்பலகைக்கு அவை வந்து சேரவில்லை.

5. மலையூர்ப் பெயர்களின் இன்றைய நிலை

இன்று பெயர்ப்பலகைகளிலும் வரைபடங்களிலும் காணப்படும் வடிவங்களை நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. பூம்பாறையில் 'பூ' இரட்டை ஓ பெறுகிறது. 'பா' ஒற்றை ஏ பெறுகிறது. கூக்காலில் 'கூ' இரட்டை ஓ பெறுவதுண்டு. 'கா' ஒற்றை ஏ மட்டுமே பெறும். பண்ணைக்காடு என்பதன் 'காடு' ஆங்கிலத்தில் 'கடு' எனவும் படிக்கத்தக்கது. பெருமாள்மலையில் நெடிலோடு வரும் 'மாள்' என்பதும் குறிலோடு வரும் 'மல' என்பதும் எம்-ஏ-எல் என்னும் அதே மூன்று எழுத்துகளால் எழுதப்படுகின்றன. தாண்டிக்குடிக்கு, முருகன் அங்கிருந்து தாண்டிப் பழனிக்குச் சென்றான் என்னும் தலமரபு வழங்குகிறது. அம்மரபு முழுவதும் முதலெழுத்தின் நெடுமையைச் சார்ந்தது. ஆங்கில வடிவமோ தண்டிக்குடி என்பதற்கும் பொருந்தும்.

ஆக, ஐந்து நெடில்களுள் ஈகாரமும் ஊகாரமும் மட்டுமே குறி பெற வாய்ப்புள்ளவை. அவற்றிற்கும் ஒவ்வோரிடத்தில் குறி விடுபடும். மன்னவனூர், செண்பகனூர் ஆகியவற்றில் 'ஊர்' ஒற்றை யூ-வால் எழுதப்படுகிறது. ஆகாரத்திற்கு இரட்டை ஏ எழுதுவது ஆங்கில எழுத்துக்கூட்டலுக்கு அயலானது. ஆயினும் விரும்பினால் எழுதலாம். ஏகார ஓகாரங்களின் நிலை அதனினும் இடர்ப்பாடுடையது. இரட்டை ஈ முன்னரே ஈகாரத்திற்கும், இரட்டை ஓ முன்னரே ஊகாரத்திற்கும் உரியவையாகிவிட்டன. எழுத்தை இரட்டித்து நெடுமை காட்டும் வழி இவ்விரண்டிற்கும் அடைபட்டுள்ளது.

2020ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப மாற்றி ஆணையிட்டது. திண்டுக்கல் தன் குற்றியலுகரத்திற்கு யூ-வும் 'கல்' என்பதற்கு ஏ-யும் பெற்றது. வேலூரோ வி-ஈ-ஈ-எல்-ஓ-ஓ-ஆர் என்றாயிற்று. எகரத்திற்கு ஓர் ஈ எனின் ஏகாரத்திற்கு இரண்டு ஈ என்பது மாத்திரைக் கணக்கிற்கு முற்றிலும் பொருந்தும். ஆங்கில வாசகர் அதனை வீலூர் எனவே படிப்பர். பரவலான விமரிசனத்திற்குப் பின் சில நாள்களிலேயே அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. அதனை அலுவலகக் கவனக்குறைவு எனக் கடிந்தோர் பலர். தமிழ் மாத்திரை மரபும் ஆங்கில எழுத்து மரபும் ஒரே எழுத்திணையை இருவேறு ஒலிகளுக்கு உரிமையாக்குவதே அதன் அடிப்படைக் காரணம். குறியில்லாத உரோமன் எழுத்தை வைத்துக்கொண்டு இதற்குத் தீர்வு காணல் அரிது.

6. ஓலைச்சுவடியின் இடர்

இக்குறையை ஆங்கிலத்தின்மேல் மட்டும் ஏற்றுதல் நேர்மையாகாது. மெய் புள்ளி பெறும் எனக் கூறிய தொல்காப்பியர், எகர ஒகரமும் அவ்வியல்பின எனக் கூறினார். அதாவது புள்ளியுடையது குறில், புள்ளியில்லாதது நெடில். ஓலையில் எழுத்தாணியால் எழுதியோர் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டனர். புள்ளி நீங்கவே எகரமும் ஏகாரமும் ஒரே வடிவாயின. ஒகரமும் ஓகாரமும் அவ்வாறே. கொடை, கோடை என்னும் இரு சொற்களும் ஓலையில் வேறுபாடின்றி எழுதப்பட்டன. படிப்பவர் இடம் நோக்கியும் யாப்பு நோக்கியும் உணர்ந்தனர்.

18ஆம் நூற்றாண்டில் மதுரை மிஷனைச் சேர்ந்த இயேசு சபைத் துறவியான வீரமாமுனிவர், கொம்பின் மேற்பகுதியைச் சுழித்து நெடிலை வேறுபடுத்தும் முறையைப் புகுத்தினார் என்பது தமிழ் எழுத்து வரலாற்றில் யாவரும் அறிந்தது. அச்சு பரவிய பின்னர் அது நிலைபெற்றது. அம்மிஷனின் ஆவணங்கள் பிற்காலத்தில் கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் சேர்த்து வைக்கப்பட்டன. எகர ஒகரத் தனித்தன்மையை ஒப்பிலக்கணத்தில் எடுத்துரைத்த கால்டுவெல் 1891இல் மறைந்ததும் கொடைக்கானலில்தான். தமிழில் எகர ஒகர வேறுபாட்டை எழுத்தால் காத்தவரோடும் ஆய்வால் விளக்கியவரோடும் இவ்வகையில் தொடர்புடைய மலையூரின் பெயரே ஆங்கிலத்தில் அவ்வேறுபாட்டை இழந்து நிற்கிறது.

ஓலை எழுத்தும் ஆங்கில எழுத்தும் ஒரே இடத்தில் தவறின எனினும் இரண்டிற்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. ஓலையைப் படித்தவர் தமிழ் அறிந்தவர். விடுபட்ட அளவைத் தம் மொழியறிவால் நிரப்பினார். ஆங்கில வடிவத்தைப் படிப்பவர் ஆங்கில வாசிப்பு விதியால் நிரப்புகிறார். உயிரில் முடியும் அசையை நெடிலாகக் கொள்ளும் அவ்விதியின்படி 'கொ' என்பது 'கோ' ஆகிறது. தேவநாகரியில் பெயரை எழுதும்போதும் பொதுவழக்கில் ஒகரக் குறில் இன்மையால் இதே விளைவு நேர்கிறது.

7. கோடைமலையும் கொடைக்கானலும்

இம்மயக்கம் ஆய்வைத் தொடும் இடம் இனி வருவது. புறநானூற்றின் 205ஆம் பாடல் பெருந்தலைச் சாத்தனார் கடிய நெடுவேட்டுவனைப் பாடியது. அதில் அவன் கோடை என்னும் மலைக்குத் தலைவனாகக் கூறப்படுகிறான். அகநானூற்றின் 13ஆம் பாடலிலும் அவ்விடத்துத் தலைவன் பண்ணி குறிக்கப்படுகிறான். இக்கோடைமலையை இன்றைய கொடைக்கானல் மலையாகக் கொள்வர் அறிஞர் சிலர். இக்கருத்துக்குப் பெயரொற்றுமை முதன்மைக் காரணமாகக் காட்டப்படுகிறது.

சங்கப் பெயரின் முதலெழுத்து நெடில் என்பது உறுதியா? 1894இல் உ.வே.சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தபோது ஓலைகளில் இருந்த வடிவம் இரு வாசிப்புக்கும் இடந்தந்திருக்கும். எனினும் யாப்பு ஐயத்தை நீக்குகிறது. புறப்பாடலில் அச்சொல், வல்லொற்று மிக்கு, ஒரு முழுச் சீராக நிற்கிறது. 'கோடைப்' எனின் நேர் நேர் என ஈரசை பெற்றுத் தேமாவாகும். அகவலடிக்கு இயல்பான சீர். 'கொடைப்' எனின் குறிலிணை போல நின்று நிரை என்னும் ஓரசையே ஆகும், அடி தளரும். ஆகவே சங்கப் பெயர் கோடை என்பதில் ஐயமில்லை.

இன்றைய பெயரின் முதலெழுத்து குறில் என்பது தமிழ் வழக்கால் உறுதி. தமிழ்ப் பெயர்ப்பலகையும் நகராட்சி வழக்கும் கொடைக்கானல் என்றே உள்ளன. மே மாதத்தில் அங்கு நடைபெறும் கோடை விழாவைத் தமிழில் எழுதுவோர் ஊர்ப்பெயரின் கொடையையும் விழாவின் கோடையையும் ஒருபோதும் குழப்புவதில்லை. ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

எனவே நம்முன் இருப்பவை கோடை, கொடை என்னும் இரு வேறு பெயர்கள். இவற்றை ஒன்றெனக் கொள்ள நெடில் குறிலாயினமைக்குக் காரணம் காட்டவேண்டும். தமிழில் வினையடியும் பெயரும் அளவால் மாறிவரும் இணைகள் பல உண்டு என்பது உண்மையே. ஆயினும் ஓர் இடப்பெயரின் முதல் நெடில் பேச்சுவழக்கில் குறுகிற்று என்பதற்கு அது மட்டும் சான்றாகாது. ஆங்கில வடிவத்தில் இரண்டும் ஒன்றாகத் தோன்றுவதால், காரணம் காட்டும் கடமை உண்டு என்பதே மறக்கப்படுகிறது. இங்கு எழும் கேள்வி கோடைமலை எங்குள்ளது என்பது மட்டுமன்று. ஒரு சான்றை நாம் எவ்வெழுத்தில் படிக்கிறோம் என்பதுமாகும். நிலவியல், வழிகள், பாடலில் வரும் மலைவளம் ஆகியவற்றைக் கொண்டு அம்முடிபு வலுப்பெறக்கூடும். பெயரொற்றுமை என்னும் தூண் மட்டும் அதனைத் தாங்காது.

'கானல்' என்னும் பிற்பகுதிக்கும் தமிழ் வடிவமே வழிகாட்டுகிறது. சங்க இலக்கியத்தில் கானல் பெரும்பாலும் கடற்கரைச் சோலை. பழனிமலையில் அது மலைச்சோலையைச் சுட்டுகிறது எனக் கொள்ளலாம். கொடைக்கானலை ஒட்டி வட்டக்கானல் என்னும் ஊர் உண்டு. ஒரே பின்னொட்டு இரு அண்டைப் பெயர்களில் வருவதால் அது அப்பகுதியின் பொதுக்கூறு என்பதும், 'வட்டம்', 'கொடை' ஆகிய முன்னொட்டுகளே வேறுபடுத்தும் கூறுகள் என்பதும் பெறப்படும். முழுப்பெயருக்குத் தனியே கதை தேடுவதைவிட, இவ்வாறு அண்டைப் பெயர்களோடு ஒப்பிட்டு நோக்குதலே பயன் தரும்.

8. முடிவுரை

பழனிமலை ஊர்ப்பெயர்களின் ஆங்கில வடிவங்கள் மூன்று கட்டங்களைக் கடந்துள்ளன. செவிவழி எழுத்துக்கூட்டல் ஆங்கில உத்திகளால் அளவைக் காட்ட முயன்று, சிலவிடத்துக் காத்தது, பலவிடத்து மாற்றியது. ஹண்டர் முறை மூன்று இணைகளுக்கு வழி கண்டது. எகர ஒகர இணைகளை விட்டது. 2020ஆம் ஆண்டின் முயற்சி மாத்திரைக் கணக்கை ஆங்கில எழுத்தின்மேல் ஏற்ற முனைந்து அதே இடத்தில் தடுமாறியது. உரோமன் எழுத்தில் ஈ, ஓ ஆகியவற்றிற்கு மேற்குறி இடாத எம்முறையும் தமிழ்ப் பெயரை முழுமையாகக் காட்டாது என்பதே இம்மூன்றிலிருந்தும் பெறப்படும் முடிபு.

இதனால் ஊர்ப்பெயராய்வில் கடைப்பிடிக்கத்தக்க நெறி தெளிவாகிறது. ஆங்கில அளவைப் படங்களும் விவரச்சுவடிகளும் பெயரின் வழக்கையும் காலத்தையும் காட்டும் சான்றுகள்; உயிரளவுக்கு அவை சான்றல்ல. ஓலை ஆவணங்களும் எகர ஒகர இடங்களில் தனித்து நின்று சான்றாகா. உயிரளவை உறுதிசெய்ய எஞ்சுபவை மூன்று: யாப்பில் அமைந்த வழக்கு, வீரமாமுனிவருக்குப் பிற்பட்ட தமிழ் எழுத்தாவணங்கள், மக்களின் வாய்மொழி. பழனிமலையைப் பொறுத்தவரை மூன்றாவது சான்று இன்றும் கைக்கெட்டும் தொலைவில் உள்ளது. பளியரும் குன்னுவரும் பிற மலைவாழ் மக்களும் தம் ஊர்களையும் சோலைகளையும் அழைக்கும் முறையைக் குறில் நெடில் வேறுபாட்டோடு ஒலிப்பதிவு செய்து தொகுத்தல் வேண்டும். ஆங்கிலப் பலகையைப் பார்த்து வளரும் தலைமுறை அவ்வெழுத்தின்படியே தம் ஊரை ஒலிக்கத் தொடங்குமுன் அப்பணி முடிதல் நன்று.